அண்டாத் தண்ணீர்

மருவுக்கு உப்பும் மிளகும் போடுவதைப் பற்றி மயிலாப்பூரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கழுத்திலோ கையிலோ மரு கிளம்பினால் ஒரு பிடி கல்லுப்பும் கொஞ்சம் மிளகும் வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்க் கொட்டிவிட்டு வர வேண்டும். உப்பு கரைகிற மாதிரி மருவும் கரைந்துவிடும் என்று நம்பிக்கை. சிலர் கொடிமரத்தடியில் கொட்டுவார்கள், சிலர் குளத்தில் போடுவார்கள். அக்கா வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் சின்ன சிவன் கோயிலில் அதை வாங்கிக்கொள்ளவே ஒருத்தி இருந்தாள். உப்பம்மா என்று பெயர்.

முன்மண்டபத்தில் பதினாறு கருங்கல் தூண்கள். பிற்காலச் சோழர் வேலைப்பாடு. வேறெங்கோ இடிந்துபோன கோயிலிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் இரண்டாவது தூணின் அடியில், முழங்கால் உயரத்தில், ஒரு சாண் அளவுக்கு ஒரு பெண் கைகூப்பி நிற்பாள். அவள் சாமி இல்லை. கோயிலுக்கு விளக்கோ நிலமோ கொடுத்த யாரோ ஒருத்தி. அவள் காலடியில் முதன்முதலில் யார் உப்பைக் கொட்டியது, ஏன் கொட்டியது என்று யாருக்கும் தெரியாது. கொட்டிக் கொட்டி அவள் அம்மனாகிவிட்டாள்.

எனக்கும் கொட்டியிருக்கிறார்கள். சின்ன வயதில் என் வலது கை விரல்களில் வரிசையாக மரு. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று ஒருத்தி அழுததில் நானும் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன். அக்கா என்னைவிடப் பத்து வயது பெரியவள். அன்று சாயங்காலமே என் கையில் உப்பைத் திணித்து, தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் உப்பம்மா முன்னால் நிறுத்தினாள். கொஞ்ச நாளில் மரு உதிர்ந்தது. குழந்தைகளுக்கு வருகிற மரு பெரும்பாலும் தானாகவே உதிர்ந்துவிடும் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அக்காவிடம் அதைச் சொன்னதில்லை.

இப்போது என் வேலை பழைய கல்லிலிருந்து உப்பை எடுப்பது. வேடிக்கையாகத்தான் இருக்கிறது. தரமணியில் எங்கள் சோதனைக்கூடம். அங்கே பாதி நாள், ஏதாவது ஒரு கோயில் மண்டபத்தில் பாதி நாள். கருங்கல்லை ஒன்றும் செய்ய முடியாது என்று ஊரே நினைக்கிறது. உப்பு செய்யும். ஈரத்தில் கரைந்து கண்ணுக்குத் தெரியாத இடுக்குகள் வழியாக உள்ளே போகும். வெயில் காலத்தில் ஈரம் போனதும் தோலுக்குச் சற்று உள்ளேயே மறுபடி உப்பாக உறையும். உறையும்போது இடம் கேட்டுக் கல்லின் மேல்தோலை வெளியே தள்ளும். சில வருஷங்களில் தோல் அப்பளம்போல எழும்பி நிற்கும், ஒரு நாள் விழும். அந்தத் தோலில்தான் மூக்கும் கண்ணும் இருக்கும். எழுநூறு எண்ணூறு வருஷம் இருந்ததெல்லாம் ஒரு விரல் நகத்தின் கனம்தான்.

அக்கா கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறாள். அத்திம்பேர் போனபின் அவளுடைய நாள் முழுவதும் அந்தக் கோயில்தான். காலையில் வாசலில் கோலம், சாயங்காலம் மாலை கட்டுவது, விளக்குத் துடைப்பது, நடுவில் வம்பு. நான் அடையாற்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போனால் காபி கொடுத்துவிட்டு, “சீக்கிரம் குடிடி, நடை தொறந்துடுவா” என்று விரட்டுவாள்.

கும்பாபிஷேகம் செய்வதென்று பேச்சு வந்தபோது, அறங்காவலர் தூண்களையெல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாக வழவழவென்று போட்டுவிடலாம் என்று முடிவு செய்திருந்தார். வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், கெட்டவர் இல்லை, எதையும் புதிதாக்கினால் நல்லது என்று நினைக்கிறவர். அக்காதான் அவரிடம் போய், “என் தங்கை இதே வேலைதான் பண்றா, ஒரு தடவை அவளைக் கேளுங்கோ” என்று நின்றாள். அவர் என்னை வரச் சொன்னார். நான் போய் ஒவ்வொரு தூணையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். நல்ல கல் கணீரென்று சொல்லும், தோல் எழும்பிய கல் டொக்கென்று சொல்லும். பதினாறில் உப்பம்மா தூண்தான் மிக மோசம்.

“முதல்ல இந்த ஒரு தூணைப் பண்ணிக் காட்டுங்கோ. சரியா வந்தா மத்ததையும் நீங்களே பண்ணுங்கோ. இல்லேன்னா நான் ஸ்தபதியைக் கூப்பிட்டுடுவேன்” என்றார் அறங்காவலர்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்பார்கள் வீட்டில். கல்லிடம் மட்டும் நான் பொறுமைசாலி. வாரக்கணக்கில் உட்கார்ந்து உப்பம்மா மேலிருந்த மஞ்சள், குங்குமம், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் பஞ்சால் தொட்டுத் தொட்டு எடுத்தேன். அடியில் ஒரு முகம் வந்தது. சின்ன மோவாய். காதில் பெரிய தோடு. உதட்டின் ஒரு ஓரம் மட்டும் கொஞ்சம் மேலே போயிருந்தது, யாரோ ஏதோ கேலி சொல்லி, கோயிலில் சிரிக்கக் கூடாதென்று அடக்கிக்கொண்டவள் மாதிரி.

அக்கா பூக்கூடையை அப்படியே தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“இத்தனை வருஷமா இவளுக்கு நான் மஞ்சள் பூசிண்டிருக்கேன். இவ மூஞ்சியைப் பாத்ததே இல்லியேடி.”

அதற்குப் பிறகு தினமும் முதலில் அவளிடம் வந்து நின்று முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மூலவரிடமே போனாள். குருக்கள் கேலி செய்வார். அக்கா கவலைப்படவில்லை. நான் அந்த முகத்தின் மேல் முகம் ஊடே தெரிகிற மெல்லிய ஜப்பான் தாளை ஒட்டிப் பிடித்து நிறுத்தி, ஒவ்வொரு விளிம்பாக ஊசியால் பசையைச் செலுத்தினேன். முகம் நின்றது. அடுத்தது உப்பை எடுக்க வேண்டும். தலைவலிக்குப் பத்துப் போடுகிற மாதிரிதான் அதுவும். காய்ச்சி வடித்த தண்ணீரில் காகிதக் கூழை ஊறவைத்துக் கல்லின் மேல் பூசினால், காயும்போது உள்ளேயிருக்கும் உப்பைக் கூழ் இழுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்பப் போட வேண்டும். காய வேண்டுமென்பதால் மழைக்காலத்தில் செய்ய முடியாது. ஐப்பசி நெருங்கிவிட்டது, தை பிறந்ததும் ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்தேன்.

அதற்குமுன் முக்கியமான காரியம் ஒன்று. ஒரு பக்கம் நான் உப்பை எடுக்க, இன்னொரு பக்கம் ஊரே உப்பைக் கொட்டினால் என்ன பிரயோஜனம்? உப்பு மிளகு கொட்டக் கூடாது என்று எழுத்தில் கொடுத்தேன். அறங்காவலர் மறுநாளே போர்டு வைத்து, தூணைச் சுற்றிக் கம்பி வேலியும் போட்டுவிட்டார்.

வாசலில் பூ விற்கிற அம்மாள்தான் உப்பு மிளகுப் பொட்டலமும் விற்பவள். என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள்.

“இன்னா மாமி, உப்பம்மாவ ஜெயில்ல போட்டுட்டீங்களா? புள்ளைங்களுக்கு மூஞ்சி பூரா மருவு கீதுன்னு தாம்பரத்துலேர்ந்து வந்துக்கினு இருக்காங்க. நான் இன்னா சொல்லட்டும் அவங்களுக்கு?”

முறைத்துவிட்டு உள்ளே போனேன். அங்கே அக்கா. அவள் சண்டை போடவில்லை. அன்று ராத்திரி அவள் வீட்டில் அடை வார்த்துக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, “நீ சொல்றது சரிதான். ஆனா உன் கைக்கு நான் போட்டப்போ யாரும் தடுக்கலை” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அப்போதுதான் என் மண்டையில் அந்த யோசனை உதித்தது. உப்பு கரைய வேண்டும், அவ்வளவுதானே வேண்டுதல்? வேலிக்கு வெளியே ஒரு பெரிய அண்டாவில் தண்ணீர் வைத்துவிட்டால், உப்பம்மாவைப் பார்த்துக்கொண்டே அதில் போட்டுவிட்டுப் போகலாம். கண்ணெதிரே கரையும். கல்லுக்கு ஒன்றும் ஆகாது. அக்கா தோசைக்கரண்டியோடு திரும்பி, “நீ படிச்சதுக்கெல்லாம் இன்னிக்குத்தாண்டி பிரயோஜனம்” என்றாள். அவள் முகம் மலர்ந்ததில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. எழுதினால் ஏன், எதற்கு என்று கேட்பார்கள். அக்காவே தன் உபயமாக எவர்சில்வர் அண்டா வாங்கிக் கொடுத்துவிட்டாள். பார்த்தவர்களுக்கு அது அக்காவின் அண்டா. யோசனை என்னுடையது என்று எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

நிரம்பிய அண்டாவை எங்கே கொட்டுவது என்று நான் சொல்லவில்லை. யோசிக்கவே இல்லை. என் புத்தியில் அது உப்புத் தண்ணீர். வாசல் சாக்கடையில் கவிழ்ப்பார்கள் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருப்பேன். ஆனால் அந்த ஜனங்களுக்கு அது வேண்டுதல் கரைந்த தண்ணீர். அதைக் கால் படுகிற இடத்தில் யாராவது கொட்டுவார்களா? மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? அபிஷேகத் தண்ணீர் தெறித்தால் தலையில் தொட்டு வைத்துக்கொள்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். வேலை செய்யும்போது மட்டும் அதையெல்லாம் செருப்போடு வெளியே விட்டுவிட்டு வருகிறேன் போலிருக்கிறது.

மழை பிடித்துக்கொண்டது. நான் தரமணியில் வேறு வேலையில் முழுகிவிட்டேன். வேளச்சேரிப் பக்கம் தண்ணீர் நின்று போக்குவரத்து நாறியதைச் சாக்காக வைத்து மயிலாப்பூருக்கு அதிகம் போகவும் இல்லை. மார்கழியில் ஒரு நாள் போனபோது உப்பம்மாவின் காலடி நனைந்திருந்தது. அண்ணாந்து மண்டபக் கூரையைப் பார்த்தேன். ஒழுகுகிறது என்று முடிவு கட்டினேன். குனிந்து ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். சர்க்கரைப்பொங்கல் தொன்னையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தை முழுவதும் வேறொரு வேலை இழுத்துக்கொண்டது. மாசியில் வெயில் ஏறிய ஒரு காலை, கூழும் கேன்களுமாக வந்து இறங்கினேன். அக்கா எனக்கு முன்பே வந்து காத்திருந்தாள். வேலியைத் திறந்து உட்கார்ந்தேன். தூணின் அடியிலிருந்து உப்பம்மாவின் கழுத்துவரை வெள்ளையாகப் பூத்திருந்தது. நான் ஒட்டியிருந்த தாள் முகத்தோடு சேர்ந்து உப்பி முன்னால் வந்திருந்தது. உப்புப் பொடியைத் தட்டிவிட்டுப் பார்க்கலாம் என்று, இருப்பதிலேயே மெல்லிய தூரிகையை எடுத்து மோவாய்க்குக் கீழே வைத்தேன். தூரிகை பட்டதா இல்லையா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. தாளின் மேல்விளிம்பு விட்டுக்கொடுத்தது. முகம் என் இடது உள்ளங்கையில் விழுந்து சில்லு சில்லாக உடைந்தது. மோவாய், உதட்டில் பாதி, மீதியெல்லாம் பொடி. தூணில் சொரசொரவென்று வெறும் குழி.

பின்னாலிருந்து அக்கா கேட்டாள்: “என்னடி, தாளை எடுத்துட்டியா?”

நான் கையை மூடிக்கொள்ளக்கூடத் தெரியாமல் அப்படியே காட்டினேன்.

அவள் குனிந்து என் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு, “மரு விழணும்னுதானே எல்லாரும் வேண்டிண்டோம். மூஞ்சியே விழுந்துடுத்தே” என்றாள்.

இந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்று நான் அவளிடம்தான் முதலில் கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதையான வார்த்தை. கத்தினேன். அவள் விழித்தாள். அண்டா ஜலத்தைத் தினமும் சாயங்காலம் குடத்தில் மொண்டு, கம்பிக்குள் கையை விட்டு, உப்பம்மா காலடியில் விடுவதாகச் சொன்னாள். “அவளுக்குப் போட்டதை அவ கால்லதானேடி சேக்கணும்? கல்லு உப்பைத்தானே போடக் கூடாதுன்னே நீ?” கரைந்த உப்பு இன்னும் சுலபமாக உள்ளே போகும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? நான் சொல்லவில்லை. ஒரு பிடி உப்பு தரையில் கிடந்து பெருக்கும்போது பாதியாவது வெளியே போய்விடும். தண்ணீராகக் கொடுத்தால் கல் ஒரு சொட்டு விடாமல் குடிக்கும். நாலு மாதமாக ஊர் உப்பையெல்லாம் கரைத்து ஊட்டியிருக்கிறோம், என் யோசனைப்படி.

பகலில் கோயில் ஆபீசில் அறங்காவலர் கூப்பிட்டார். நான், அக்கா, குருக்கள் மூவரும் நின்றோம். என் வேலையைப் பற்றி அவர் நாசூக்காகத்தான் ஆரம்பித்தார்.

“இதுக்குத்தான் புதுத் தூண் போட்டுடலாம்னேன். நீங்க கை வச்ச தூண்தான் முதல்ல போயிருக்கு. மீதியை உங்களை நம்பி எப்படி விடறது, சொல்லுங்கோ.”

பதினைந்து தூண்களும் கண் முன்னால் வந்தன. ஸ்தபதியின் லாரி வாசலில் நிற்கிற மாதிரியே இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“அவ மேல தப்பே இல்லை. அண்டா வைக்கணும்னு எனக்குத்தான் தோணித்து. ஜலத்தை அங்கே விட்டதும் நான்தான். தூண்கிட்ட ஈரமே படக் கூடாதுன்னு அவ படிச்சுப் படிச்சுச் சொன்னா. நான்தான் கேக்கலை.”

மூன்றில் நடுவில் சொன்னது மட்டும் உண்மை. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அறங்காவலர் என் பக்கம் திரும்பி, “அப்படியா மாமி?” என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டேன். அது போதுமானதாக இருந்தது. அக்காவைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் தங்கை தவிக்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். அவர் குரல் எனக்காகவே இளகியது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. மீதித் தூண்களை நானே செய்யலாம் என்றார். பிறகு அக்காவிடம், “தப்பா எடுத்துக்காதேங்கோ மாமி. இனிமே கோலம், மாலை, விளக்கு எதுவும் வேண்டாம். மண்டபத்துக்கே வர வேண்டாம். வாசல்லேர்ந்து தரிசனம் பண்ணிண்டு போங்கோ. வேலை முழுக்க முடியட்டும், அப்புறம் பாக்கலாம்” என்றார்.

அக்கா சரி என்றாள். விளக்குத் துடைக்கிற துணியை இடுப்பிலிருந்து எடுத்து, மடித்து, மேஜை மேல் வைத்துவிட்டு வந்தாள்.

தூண்களுக்காகத்தான் சும்மா இருந்தேன் என்று எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்தேன். பாதி உண்மைதான். மீதிப் பாதி என் பேர். இத்தனை வருஷமாக மற்றவர்கள் பழைய கல்லில் சிமெண்ட் பூசுவதையும் மணல் பீச்சிச் சுத்தம் செய்வதையும் கிழித்து எழுதியவள், ஒரு அண்டாவால் முகத்தைத் தொலைத்தாள் என்று நாலு பேர் பேசுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மேற்கு மாம்பலத்திலிருக்கும் சித்தி போன் செய்து, “உங்கக்காவுக்கு வயசாயிடுத்து, சொன்னா கேக்க மாட்டா, நீ மனசைத் தளர விடாதே” என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அதற்கும் உம் கொட்டினேன்.

போர்டைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள் எல்லாரும் இப்போது வர ஆரம்பித்தார்கள். முகமில்லாத உப்பம்மாவைப் பார்க்கக் கூட்டம். பூ விற்கிற அம்மாள் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்: “எல்லா மருவயும் தன் மூஞ்சில வாங்கிக்கினாம்மா. அதான் கொட்டிப் போச்சு.” என்னைப் பார்த்ததும் அவளும் இளகி, “நீ இன்னா மாமி பண்ணுவே, அவ இஷ்டம்” என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஒரு மத்தியானம் நடை சாத்தியபின் தூணடியில் பத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். உப்பம்மாவின் உடம்பையாவது காப்பாற்ற வேண்டும். குருக்கள் சாவியோடு வந்து பக்கத்தில் நின்றார். அறுபது வயதிருக்கும், எப்போதும் ஏதாவது கிண்டலோடு வருகிறவர். அன்று ஒன்றுமில்லை. எனக்கு அடக்க முடியவில்லை. கூழ்க் கையோடு நிமிர்ந்து, “மாமா, அந்த அண்டா என் யோசனை. அக்காவுக்கு அதுல சம்பந்தமே இல்லை. அன்னிக்கு ஆபீஸ்ல நான் வாயை மூடிண்டு நின்னேன்” என்று சொல்லிவிட்டேன்.

அவர் எதிர்த் தூணில் சாய்ந்து மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

“அண்டா வந்த அன்னிக்கு உங்கக்கா எங்கிட்ட வந்து கேட்டா. ஜலத்தை எங்கே விடறது மாமா, கால் படற எடத்துல கொட்டலாமான்னு. நான்தான் சொன்னேன், அவ கால்லயே விட்டுடுங்கோ, வேற எங்கே விடறதுன்னு. நானும் அன்னிக்கு ஆபீஸ்லதானே நின்னேன்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா அன்றைக்கு ஏன் அவ்வளவு வேகமாக முந்திக்கொண்டாள் என்று அப்போதுதான் புரிந்தது. அவள் அடைத்தது என் வாயை மட்டுமில்லை. இரண்டு பேரின் தப்பையும் சேர்த்து எடுத்துத் தன் மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டிருக்கிறாள்.

“போய்ச் சொல்லிடலாம் மாமா” என்றேன்.

“சொல்லிடலாம் மாமி. எனக்கு ரெண்டு மாசத்துல சின்னவ கல்யாணம் வரது. அது மட்டும் ஆயிடட்டும்” என்றார். அவர் குரலைக் கேட்டு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னிடமும் ஒரு ‘ஆயிடட்டும்’ இருந்தது.

அன்றே அக்கா வீட்டுக்குப் போய், அறங்காவலரிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். அவள் வெறும் கையோடு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். பூ தொடுக்காமல் அவளை நான் அந்த நேரத்தில் பார்த்ததே இல்லை.

“சொல்லி? உன்னை வெளில அனுப்புவார். தூணெல்லாம் லாரில ஏறும். குருக்களுக்கும் வேலை போகும். அப்புறம் உள்ளே யாருடி இருப்பா? நான் ஒருத்தி வெளில இருக்கேன். போறும்.”

“உனக்கு அந்தக் கோயிலை விட்டா ஒண்ணும் இல்லையே அக்கா.”

“அது எனக்குத் தெரியாதா?” என்று அவள் சீறினாள். மூக்குக்கு மேல் கோபம் எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டேன். பிறகு அடங்கி, “வேலை முடிஞ்சதும் சொல்லு. ஒரு தூண் பாக்கியிருந்தாலும் சொல்லாதே. அந்த ஜலத்தை மட்டும் என்ன பண்றதுன்னு இப்போ யோசி. அண்டாவை எடுத்துட்டா மறுபடியும் தூண்ல வந்து கொட்டுவா. சாக்கடைல விட நான் விடமாட்டேன்” என்றாள்.

யோசித்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. ஜன்னலைத் திறந்தால் காற்றில் அதன் வாசனை. பிறந்ததிலிருந்து கூடவே இருக்கிறது. சாந்தோமைத் தாண்டினால் பட்டினப்பாக்கம் கடற்கரை. ஆடி அமாவாசைக்கு ஊரே போய் முழுகுகிற தீர்த்தம் அது. ஐப்பசியிலேயே இது தோன்றியிருந்தால் அவள் முகம் இப்போதும் தூணில் இருந்திருக்கும். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

இப்போது ஏற்பாடு இதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் குருக்கள் அண்டாவிலிருந்து கேன்களில் மொண்டு வைப்பார். நான் வாசல்வரை தூக்கிக்கொண்டு வருவேன். அக்கா வாசலுக்கு வெளியே, செருப்பு விடும் இடத்தில், நின்றுகொண்டிருப்பாள். உள்ளே விளக்கு தெரிகிறதா என்று எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். தவறு செய்த மூவரில் இரண்டு பேர் படிக்கு உள்ளே இருக்கிறோம். கேன் கை மாறும்.

ஆட்டோக்காரர் முதல் நாளே கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்: “இன்னாமா, கேன்ல இன்னா கீது?”

“உப்பு ஜலம்பா” என்றாள் அக்கா.

“கடலுக்கா? ஏம்மா, அங்க உப்புத் தண்ணி பத்தலைன்னு எடுத்துக்கினு போறீங்களா?”

“அங்கேர்ந்து வந்ததுதானே. திருப்பிக் கொண்டுபோய் விடறோம்” என்றாள்.

போன வெள்ளிக்கிழமையும் போனோம். கரையில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் வழிவிட்டார்கள். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் அளவு இறங்கி, கேனைச் சாய்த்து, மெதுவாகத் தண்ணீரை விட்டாள். என்னை ஊற்ற விடுவதில்லை. கேட்டால், எனக்குப் பழகின வேலை என்கிறாள். அலை வந்து வாங்கிக்கொண்டு போயிற்று. கேனை அலம்பிக்கொண்டே கேட்டாள்.

“எத்தனாவது தூண்ல இருக்கே?”

“மூணாவது.”

“உப்பு இறங்கறதா?”

“இறங்கறது. ஒவ்வொரு தடவை பத்துப் போடறப்பவும் மீட்டர்ல குறையறது.”

“அப்போ இன்னும் பதிமூணு இருக்கு.”

ஒரு தூணுக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு எத்தனை வயது என்று எனக்குத் தெரியும்.

காலிக் கேனை என்னிடம் நீட்டினாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, “அவசரப்படாதே, என்ன? நன்னா காயவிட்டுப் பண்ணு” என்றாள்.

கேனை வாங்கிக்கொண்டு அவள் பின்னால் ஆட்டோவுக்கு நடந்தேன்.